மேல்மனுவும் ஒற்றைக் கால் ஷூவும்

குஷன்காரர் படுக்கிற அறையில் தினமும் இரண்டு வேளை கடல் ஏறி இறங்கியது. அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே அது பக்கத்துக் கடல் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அது அவர் பிறந்த துறைமுகத்துக் கடல். அவருடைய அப்பா பிழைப்புக்காக வேறொரு நாட்டுக்குப் போய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது அங்கே பிறந்தவர் அவர். பல் முளைப்பதற்கு முன்பே இங்கே தூக்கிவரப்பட்டார். வந்து இறங்கிய அன்றைக்குத் தரையில் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பாய் நனைந்தது. குழந்தை என்றால் பாய் நனையத்தானே செய்யும் என்று அவருடைய அம்மா துணியை மாற்றினார். பக்கத்திலிருந்த நாற்காலியின் கால்களைத் தண்ணீர் தொட்டபோதுதான், இது ஒரு குழந்தையால் ஆகிற காரியம் இல்லை என்று அவருக்குப் பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. சாதாரண நாட்களில் கணுக்கால் அளவு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முழங்கால் அளவு. அறையின் வாசற்படியைத் தாண்டாது. இறங்கும்போது எந்த வழியாகப் போகிறது என்றும் தெரியாது. சுவரில் ஒரு வெள்ளை உப்புக்கோடும் தரையில் கொஞ்சம் பாசியும்தான் மிச்சம். வீடு மாறினால் கடலும் கூடவே மாறியது. ஆரம்பத்தில் குழாய் வேலைக்காரர்கள் மாற்றி மாற்றி வந்து தரையைக் கொத்திப் பார்த்தார்கள், ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னால் வந்தவருடைய வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாளாக ஆகத் தெருவுக்கு அது சலித்துவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் சிலர் மட்டும் சாயங்காலத் தண்ணீருக்கு வந்து, காலை நனைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். இறங்குகிற தண்ணீர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகும், அது ஒன்றுதான் தொந்தரவு. ஒற்றைச் செருப்பு, ஆணிப் பொட்டலம், பெரிய மகளின் கிலுகிலுப்பை, மனைவி ஆசையாக வைத்திருந்த மரச்சீப்பு, இப்படி. போனது போனதுதான், திரும்பி வராது. அந்த மனைவி கல்யாணமாகி வந்த முதல் நாளே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டார். அதற்கப்புறம் கண்ணை மூடும் வரைக்கும் கடலைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை, சீப்பு போன நாளைத் தவிர.

அவருக்கு இரண்டு மகள்கள். பெரியவள், சின்னவள் என்றே தெருவில் எல்லாரும் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் நான்கு வயது வித்தியாசம், ஆனால் ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று பேச்சு. அப்பாவிடம் சோபா கட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டு, அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை எடுத்து நடத்தியவர்கள். அந்த வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. சட்டத்தில் ஸ்பிரிங் கட்டி, பஞ்சு அடைத்து, மேலே துணியைப் போட்டபின், ஒருவர் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் ஆணி அடித்துக்கொண்டே வர வேண்டும். இழுக்கிறவர் கொஞ்சம் அசந்தால் போதும், துணியில் சுருக்கம் விழுந்துவிடும். அப்புறம் எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து வரவேண்டியதுதான். பெரியவள் இழுப்பாள், சின்னவள் அடிப்பாள். சின்னவள் வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு, அக்கா கையைப் பார்க்காமலேயே அடிப்பாள். ஒருநாளும் அக்கா விரலில் அடித்ததில்லை. அப்பா கூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "எனக்கு இப்படி ஒரு ஆள் கடைசி வரைக்கும் அமையல" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கடை சாலைக்குள் போனது. அதே மாதத்தில்தான், குஷன்காரர் பிறந்த துறைமுகத்தில் பயணப் படகுகளுக்கு இருக்கை கட்டுகிற பட்டறை ஒன்று ஜோடியாக வேலை செய்யத் தெரிந்தவர்களைத் தேடுகிறது என்று செய்தி வந்தது. வெளிநாட்டு ஆட்களை அவர்கள் எடுப்பதில்லை. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி, அப்பாவோ அம்மாவோ அந்த மண்ணில் பிறந்திருந்தால் பிள்ளைகளும் அந்த நாட்டுக்காரர்கள்தான், எங்கே பிறந்திருந்தாலும் சரி. கேட்டால் கொடுத்துவிடுவார்களாம். குஷன்காரருடைய பிறப்புச் சான்றிதழ் அலமாரியின் மேல்தட்டில் நனையாமல் பத்திரமாக இருந்தது. இரண்டு பேரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு தூதரகக் கிளைக்குப் போனார்கள். அது ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது. வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கீழேயிருந்து பல்லைக் குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனாலோ என்னவோ எல்லாரும் கொஞ்சம் பயந்த முகமாகவே நின்றார்கள்.

பெரியவளுக்குக் கிடைத்தது. சின்னவளுக்கு இல்லை என்றுவிட்டார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் கெட்டவர் இல்லை, இதையே தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர், அவ்வளவுதான். "உங்க அப்பா நடுவுல இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கார்மா. வாங்கினப்போ உங்க அக்கா பொறந்தாச்சு. நீங்க பொறக்கல. அவர் வாங்கின அன்னைக்கே எங்க நாட்டுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோச்சு. அறுந்ததுக்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"அறுந்துபோச்சா? மேடம், இன்னைக்குக் காலையில கூட வீட்டுல முழங்கால் வரைக்கும் வந்துது" என்றாள் சின்னவள்.

"எது வந்துது?"

"உங்க ஊர்க் கடல்."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேல்மனு என்று ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சின்னவள் அப்பாவிடம் சண்டை பிடித்தாள். அதுவரை அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. இத்தனை வருஷம் அந்த ஊர்க்காரராகவே இருந்தவருக்கு, சரியாக நான் பிறப்பதற்கு முன்னால்தானா போய்க் கையெழுத்துப் போடத் தோன்றியது என்று கேட்டாள். அக்காவுக்கு மட்டும் வழி விட்டுவிட்டு எனக்கு முன்னால் கதவைச் சாத்தியிருக்கிறீர்களே என்று கேட்டாள். குஷன்காரர் கட்டிலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவனுக்கு அந்தக் காலத்தில் சொந்தப் பெயரில் கடை வைக்க அனுமதி கிடையாது, என்றார். இன்னொருத்தர் கடையில் கூலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு பிள்ளையை வளர்க்கலாம், இரண்டாவதும் வரப்போகிறது என்று தெரிந்தபோது போனேன். ஒரு மேஜைக்கு முன்னால் நிற்க வைத்து, வேறெந்த நாட்டோடும் எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். "உரக்கத்தான் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து பாத்தா, தண்ணி எப்பவும் போலத்தான் ஏறியிருக்கு. அது எதையும் காதுல வாங்கிக்கல" என்றார். பிறகு, "உனக்காகத்தான் சொன்னேன். உன்னையே வெளியில நிறுத்தும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் கோபம் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள்.

பெரியவள் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சின்னவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக ரயிலேற்றிவிட்டாள், நீ போய் இடத்தைப் பிடி, நான் பின்னால் வருகிறேன் என்று. பட்டறை முதலாளி ஒரு தனி ஆளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். குளிர் தொடங்கும் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் இன்னொரு ஆள் வரவில்லையென்றால் வேறு ஜோடியைத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை பெரியவளுக்குப் பஞ்சு பிரிக்கிற வேலை. போனில் அவள் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னாள். ஆனால் கூடவே ஒரு விசித்திரமும் சொன்னாள். தான் தங்கியிருக்கிற அறையில் மட்டும் அடிக்கடி கரண்ட் போகிறதாம். வராந்தாவில் விளக்கு எரிகிறது, பக்கத்து அறையில் எரிகிறது, இவள் அறை மட்டும் இருட்டு. அந்த ஊர் எலக்ட்ரீசியன் வந்து வயரை மாற்றினார், பல்பை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். எப்போது போகிறது என்று சின்னவள் கேட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, என்றாள் அக்கா. அங்கே விளக்கு வைக்கிற நேரமென்றால் இங்கே பிற்பகல். பிற்பகலில்தான் லைன்மேன் தெருமுனைக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். "நீ பொறந்த தெருவுல கரண்ட் போனா உனக்கும் போகும் போல" என்றாள் சின்னவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு அப்படி இருக்கும்போது மகளுக்கு இப்படி இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று அதை அத்தோடு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் கரண்ட் போகிறபோதெல்லாம், அக்காவும் இப்போது இருட்டில்தான் உட்கார்ந்திருப்பாள் என்று சின்னவளுக்கு ஓர் ஆறுதல்.

மேல்மனுவில் அவள் சுற்றி வளைக்கவில்லை. அப்பா உறவு இல்லை என்று சொன்னது வாஸ்தவம், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து உறவு முறியவில்லை, தினமும் இரண்டு வேளை வந்து போய்க்கொண்டிருக்கிறது, சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள். பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது. விசாரணை அதிகாரி ஒருவர் இன்ன தேதிக்கு நேரில் வருவார் என்றிருந்தது. அந்தத் தேதி பௌர்ணமி, அது தூதரகத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதிகாரி வருகிறார் என்றதும் அப்பாவுக்கும் மகளுக்கும் கை கால் ஓடவில்லை. அவருடைய அறை உப்பும் பாசியுமாக இருந்தது, தரை முழுக்கக் குழாய்க்காரர்கள் கொத்திவிட்டுப் போன பள்ளம். "பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றார், காலை எங்கே வைப்பார்? நம்மளப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார் அப்பா. சின்னவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. கடையில் மிஞ்சிப்போன மெரூன் நிற ரெக்சின் ஒரு சுருள் பரணில் கிடந்தது, ஒரு தியேட்டர் இருக்கைகளுக்கு வாங்கியது. முந்தின நாள் தண்ணீர் இறங்கியவுடன் இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். நான்கு சுவர் ஓரமும் மரச்சட்டம் வைத்து அறைந்தார்கள், பள்ளத்தைப் பஞ்சால் அடைத்தார்கள், ரெக்சினை அறை முழுக்க விரித்துப் பசை தடவினார்கள். நடுங்குகிற கையோடு அப்பா இழுத்துப் பிடித்தார், மகள் சுற்றிலும் நெருக்கமாக ஆணி அடித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. நடுராத்திரி கடந்து, வேலையை முடித்துவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தபோது, இரண்டு பேருக்கும் பெருமையாகவே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது என்று அப்பா சொன்னார். தண்ணீரைக் காட்டத்தான் அதிகாரியை வரச்சொல்லியிருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. தொழில் பழகின கை அப்படித்தான், மேலே துணி போட்டு மூடாமல் அதற்குத் திருப்தி வராது.

விசாரணை அதிகாரி கனத்த உடம்பு, மரியாதையான பேச்சு, முழங்கால் வலி. முத்திரை குத்தாத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர். மறுநாள் காலையில் வந்ததும் பளபளக்கிற தரையைப் பார்த்துவிட்டு, மிதிக்க மனமில்லாமல் ஷூவைக் கழற்றிக் கட்டில் காலடியில் ஜோடியாக வைத்தார். பழுப்பு நிறத் தோல் ஷூ. வலது காலின் குதி தேய்ந்து, உள்ளே ஒரு பச்சைத் தோல் துண்டு ஒட்டியிருந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கடல் எங்கே?" என்று கேட்டார். அப்போதுதான் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடக் கடவுளே" என்றாள் சின்னவள் மெதுவாக.

தண்ணீர் வரவேண்டிய நேரத்துக்கு வந்துவிட்டது. வந்து வெளியேற வழியில்லாமல் ரெக்சினுக்கு அடியில் பரவியது. அறையின் நடுவில் தரை மெதுவாக உப்பியது, அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் எழுந்து நின்று, குனிந்து உள்ளங்கையால் தரையை அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி, திரும்ப எழும்பியது. "நல்ல ஸ்பிரிங்" என்றார். "ஸ்பிரிங் இல்ல சார், கடல்" என்றார் குஷன்காரர். அதிகாரி யோசித்துவிட்டு மெல்ல அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார், முழங்காலை நீட்டிக்கொண்டார், முதுகையும் கொஞ்சம் சாய்த்தார். ரொம்ப சௌகரியமாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். "ஆனா நான் தண்ணியப் பாத்தாகணும். குஷனைப் பாத்தேன்னு எழுத முடியாது பாருங்க" என்றார்.

சின்னவள் ஆணி பிடுங்கியை எடுத்துவந்தாள். தான் அடித்த ஆணியைத் தானே பிடுங்குவதுதான் அந்தத் தொழிலில் பெரிய அவமானம். மூலையில் ஆரம்பித்தாள், மூன்றாவது ஆணிக்கே ரெக்சின் சடசடவென்று விட்டுக்கொடுத்தது, அடைபட்டிருந்த பௌர்ணமித் தண்ணீர் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக மேலே வந்தது. அதிகாரி அந்த உடம்போடும் முழங்கால் வலியோடும் எப்படிக் கட்டிலில் ஏறினார் என்பது அவருக்கே பிறகு புரியவில்லை. ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், கட்டிலைச் சுற்றி ஓடிய சின்ன மீன்களைக் குறித்துக்கொண்டார். தண்ணீர் இறங்குகிற வரைக்கும் மூன்று பேரும் கட்டிலிலேயே உட்கார்ந்து, முழங்கால் வலிக்கு எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இறங்கியபின் பார்த்தால் ஷூ ஒன்றுதான் இருந்தது, இடது கால். வலது காலைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், சுருண்டு கிடந்த ரெக்சினுக்குள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அதிகாரிக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் நியாயமான மனிதர். தண்ணீர் வருவது உண்மை, உப்பு உண்மை, மீன் உண்மை, இதெல்லாம் எழுதுகிறேன் என்றார். "ஆனா இது எங்க கடல்தான்னு நான் எப்படி எழுத? தண்ணியில ஊர் பேர் போட்டா இருக்கு? உலகத்துல எத்தனையோ கடல்." குஷன்காரருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒற்றை ஷூவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அதிகாரி கிளம்பிப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் சின்னவள் வாசலில் நின்றாள். எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தாள். குளிர் தொடங்க அதிக நாள் இல்லை.

அன்றைக்கே போனில் அக்காவிடம் அழுதாள். தரையை மூடிய முட்டாள்தனத்தைச் சொன்னாள், குஷனில் அதிகாரி சாய்ந்து உட்கார்ந்ததைச் சொன்னாள், அதற்கு அக்கா சிரித்ததும் இவளுக்குக் கோபம் வந்தது, பிறகு இவளும் சிரித்தாள். ஷூ போன கதைக்கு வந்தபோது பெரியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இரு, இரு. அப்பா ரூம்ல தண்ணி இறங்கினா அது எங்கே போகும்னு நாம ஒருநாளாவது யோசிச்சிருக்கோமா?" என்று கேட்டாள். சின்னவள் யோசித்ததில்லை. யாருமே யோசித்ததில்லை. வருவதைப் பற்றியே அவ்வளவு பேச்சு, போவதைப் பற்றி யாருக்கு அக்கறை.

மறுநாள் பெரியவள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாள். கடல் ஒதுக்கிவிட்டுப் போகிற பொருள் எதுவானாலும் சொந்தக்காரர் வரும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறைமுகத்தில் சட்டம். அதற்கென்று ஒரு கிடங்கும் ஒரு கிடங்குக்காரரும் இருந்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு ஷூ, வலது கால், என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எடுத்து வைத்துவிட்டார், இன்னும் ஈரம் காயவில்லை, உள்ளே பச்சைத் தோல் ஒட்டியிருந்தது. "இது ஒண்ணுதானா? இல்ல, அந்த அலமாரிச் சாமானும் உங்களுதா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே இந்த ஒரு படித்துறையில் மட்டும் இப்படி ஒதுங்குகிறது, சோபா ஆணியைப் போய்க் கடலில் யார் போடுகிறார்கள் என்று எங்களுக்கு ஆச்சரியம், என்றார். அலமாரி நிறைய ஆணிப் பொட்டலங்கள் துருப்பிடித்து இருந்தன. ஜோடியில்லாத செருப்புகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன, அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போட்டதிலிருந்து. பல் கடித்த தடத்தோடு ஒரு கிலுகிலுப்பை இருந்தது. அதற்குப் பின்னால் மரச்சீப்பு. அம்மா இறந்து அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சீப்பைப் பார்த்ததும் பெரியவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கிடங்குக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

சீப்பை அவள் தன்னிடம் வைத்துக்கொண்டாள். ஷூவை அந்த நாட்டுக் குடியுரிமை அலுவலகத்தில் கொடுத்தாள். எந்த நாளில், எந்தப் படித்துறையில், எந்தத் தண்ணீரோடு வந்தது என்று கிடங்குக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு அதன் நாடாவில் கட்டித் தொங்கியது. ஷூ சீல் வைத்த பையில் விமானம் ஏறி, பல் டாக்டருக்கு மேல்மாடிக்கு வந்து சேர்ந்தது. சின்னவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரி பையைப் பிரித்து, ஷூவைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுப் பச்சைத் தோலைத் தடவினார். மேஜை இழுப்பறையிலிருந்து இடது காலை எடுத்தார். இரண்டையும் போட்டுக்கொண்டு கவுண்டர் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். கீழே யாருக்கோ பல் குடைகிற சத்தம் கேட்டது. "என்னோடதுதான்" என்றார். பிறகு உட்கார்ந்து எழுதினார். மனுதாரரின் தந்தை எங்கள் நாட்டோடு உறவு இல்லை என்று சொன்னது உண்மை. ஆனால் எங்கள் நாடு அவரை விட்டதாகத் தெரியவில்லை. விடாத உறவில் பிறந்த மகளுக்கு அக்காவுக்கு உள்ள உரிமை உண்டு. எழுதி, ஒன்றுக்கு இரண்டு முத்திரை குத்தினார். கவுண்டர் அம்மாள் எழுந்து வந்து சின்னவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவருக்கு அது வழக்கமில்லை.

அதே தாளைக் காட்டியதில் அப்பாவுக்கும் அனுமதி கிடைத்தது, அப்பாவும் மகளும் குளிர் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். குஷன்காரர் பிறந்த ஊரில் அவருக்கென்று ஒதுக்கிய அறையில் பழக்கதோஷத்தில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டார், செருப்பை உயரத்தில் மாட்டினார். ஒன்றும் ஏறவில்லை. நினைவு தெரிந்து முதல்முறையாக நாள் முழுக்க உலர்ந்த தரை. அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, என்னவோ மாதிரி இருக்கிறது என்று முனகினார். சில நாட்களில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கு அந்தப் படித்துறைக்கு நடந்து போய், கணுக்கால் நனைய நின்றுவிட்டு வருவார். கிடங்குக்காரருக்கும் மூட்டுவலி இருந்ததால் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்கள், தரை காய்ந்து கிடக்கிறது, மீன் ஒன்றும் வருவதில்லையே என்று தெருவில் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி.

பட்டறையில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஜன்னலோரமாக ஒரு மேஜை கொடுத்தார்கள். முதல் படகு இருக்கையைப் பார்த்த முதலாளி, துணியின் மேல் கையை ஓட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் திருப்தி என்று அர்த்தம். ஒரே ஒரு சங்கடம். அந்த மேஜைக்கு மேலே இருக்கிற விளக்கு மட்டும் சாயங்காலமானால் அணைந்துவிடும். முன்பு ஓர் அறையில் நடந்தது இப்போது ஓர் ஆள் கூடியதாலோ என்னவோ, அந்த மூலை முழுக்க இருட்டாகிவிடும். மற்ற மேஜைகளில் வெளிச்சம் இருக்கும், யாரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை இப்போது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ ஒரு தெருமுனையில் லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கிறார், வேலை முடிந்தால் இறங்குவார், அவ்வளவுதானே.

அந்த நேரத்தில் பெரியவள் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்தபடி நிற்பாள். சின்னவள் வாயில் ஆணியோடு, ஓங்கிய சுத்தியலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இருட்டில் ஒருத்தி மூச்சு இன்னொருத்திக்குக் கேட்கும்.

"விட்டுடாதேக்கா" என்பாள் சின்னவள், ஆணிகளுக்கு நடுவில்.

"விடலைடி" என்பாள் பெரியவள்.

லைன்மேன் இறங்கியதும் விளக்கு எரியும், சின்னவள் அடுத்த ஆணியை அடிப்பாள்.